கருங்காலி நாற்காலிக்கு ஊர் எது?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலையும் டெவனையும் பிரித்தோடும் டேமார் ஆற்றின் கரையில், கொட்டீல் என்றொரு பழைய மாளிகை உண்டு. எட்ஜ்கம் குடும்பத்தாருக்கு உரியதாக இருந்து 1947இல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பிற்கு வந்த வீடு அது. அவ்வீட்டின் பழஞ்சாமான்களிடையே கன்னங்கரிய மரத்தாலான நாற்காலிகளும் ஒரு நீளிருக்கையும் உள்ளன. டியூடர் மன்னர் காலத்துப் பழமைக்குச் சான்றாக நெடுங்காலம் மதிக்கப்பட்டவை அவை. ஆனால் அவை இங்கிலாந்தில் செய்யப்பட்டவையும் அல்ல, டியூடர் காலத்தவையும் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கரையில், கருங்காலி மரத்தைக் கடைந்தும் செதுக்கியும் உருவாக்கப்பட்ட சாமான்களின் வகையைச் சேர்ந்தவை.

அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு இன்னொரு வரலாறும் உண்டு. கொட்டீலிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள டாவிஸ்டாக்கிற்கு அருகே, வீல் ஃப்ரெண்ட்ஷிப் என்னும் செப்புச் சுரங்கத்திற்கு 1798இல் பத்தொன்பது வயதில் மேலாளரானவர் ஜான் டெய்லர். அவர் வழிவந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனமே 1880இல் கோலார் தங்கவயலில் கால் பதித்தது. செம்பும் வெள்ளீயமும் வற்றிய கார்ன்வாலிலிருந்து சுரங்க வல்லுநர்கள் அங்கே மேற்பார்வையாளராக வந்தனர்; வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் தமிழர்கள் சுரங்கத்தில் இறங்கினர். தமிழ்க் கடற்கரையில் செய்த நாற்காலி கார்ன்வாலுக்குப் போய்ச் சேர்ந்து இருநூறு ஆண்டு ஆவதற்குள், கார்ன்வால் சுரங்கத்தார் தமிழரைத் தேடி வந்துவிட்டனர். வந்தவர்களில் எவரேனும் அந்த நாற்காலியைப் பார்த்திருந்தால், அதைத் தம் ஊர்ப் பழமை என்றே எண்ணியிருப்பர்.

இந்தச் சாமான்களை முதற்பார்வையிலேயே அடையாளம் காட்டுவது அவற்றின் திருகுக் கால்கள். நாற்காலியின் கால்கள், கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், முதுகுப்புறத்துச் செங்குத்துக் கம்புகள் ஆகியவை கயிறு முறுக்கியதுபோலச் சுழன்று ஏறுகின்றன. முதுகுப் பலகைகளில் கொடியும் பூவும் பறவையும், சிலவற்றில் பாதி மனிதரும் பாதி விலங்குமான உருவங்களும் ஆழமின்றிச் செதுக்கப்பட்டுள்ளன. இருக்கை தாழ்வானது, அகலமானது, பிரம்பு பின்னியது.

திருகு வடிவம் கடைசல் வேலையில் தானாகப் பிறப்பதன்று. கடைசல் பட்டறையில் மரம் தன் அச்சில் சுழலும். உளியை ஓரிடத்தில் நிலையாகப் பிடித்தால் வளையம் விழும். வளையம், குமிழ், கழுத்து, கிண்ணம் ஆகியவையே கடைசலின் இயற்கையான எழுத்துகள். கருநாடகத்தின் போசளர் கோயில்களில், 12ஆம் நூற்றாண்டின் பேலூரிலும் அளேபீட்டிலும், மாக்கல்லில் கடைந்தெடுத்தவை எனக் கருதப்படும் பளபளப்பான தூண்களைப் பார்த்தால் இது விளங்கும். எத்தனை நுணுக்கமான விளிம்புகள் இருப்பினும் அவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய வட்டங்களே. வட்டம் சற்றே சாய்ந்து, தன் தொடக்கத்தைச் சந்திக்காமல் மேலேறிப் போனால்தான் திருகு. அதற்குக் கை வேண்டும்.

செய்முறை இது. முதலில் மரத்தைக் கடைந்து ஒரே பருமனுள்ள உருளையாக்க வேண்டும். இரு முனைகளிலும் குமிழும் கழுத்தும் தேவையென்றால் அவற்றையும் அப்போதே கடைந்துவிடலாம். பிறகு உருளையின் நீளவாக்கில், சுற்றளவை நான்காகப் பகுக்கும் நான்கு கோடுகள். குறுக்கே, ஒரு சுற்று எவ்வளவு உயரம் ஏற வேண்டுமோ அந்த அளவிற்கு ஒன்றாகச் சம இடைவெளியில் வளையக் கோடுகள். அவ்விடைவெளி ஒவ்வொன்றும் மீண்டும் நான்காகப் பகுக்கப்படும். இப்போது உருளைமேல் ஒரு கட்டம் விழுந்துவிட்டது. கட்டங்களின் மூலைகளைச் சாய்வாக இணைத்துக்கொண்டே போனால் திருகின் கோடு கிடைக்கும். ஓலையையோ தாளையோ பட்டையாக நறுக்கி உருளையில் சாய்த்துச் சுற்றியும் அதே கோட்டைப் பெறலாம். பள்ளம் விழ வேண்டிய கோட்டின்மேல் வாளால் அளவான ஆழத்திற்கு அறுத்து, இரு பக்கச் சரிவுகளையும் குழியுளியால் இறக்கி, அரத்தால் உருட்டி, பின்பு வழவழப்பாக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிது. சிக்கல் நாரோட்டத்தில் இருக்கிறது. மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. திருகின் பள்ளமோ அதைச் சாய்வாக வெட்டிச் செல்கிறது. ஆகவே பள்ளத்தின் ஒரு சரிவில் உளி வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ச் சரிவில் அதே உளி நாரைப் பிய்க்கும். முகட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே எப்போதும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் மரத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கருங்காலியில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவிற்கு அடர்ந்த மரம் அது. நார் கண்ணுக்கே தெரியாது; சிறிது மிகையாக அழுத்தினால் சில்லாகத் தெறிக்கும். இத்தகைய மரத்தில் முழங்கால் உயரமுள்ள ஒரு காலைத் திருகாக்குவதற்கு உளியைவிட அரமும் பொறுமையுமே மிகுதியாகச் செலவாகும். ஒரு நாற்காலிக்கு இத்தகைய உறுப்புகள் பத்துக்கும் மேல். அவை ஒன்றுக்கொன்று பொருந்தவும் வேண்டும்.

பொருத்தம் என்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. இடக்காலும் வலக்காலும் ஒரே திசையில் திருகினால் கண்ணுக்கு நாற்காலி ஒரு பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். எனவே நேர்த்தியான வேலையில் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுழலும். ஆங்கிலத்தில் இதைச் சொல்லக் கைகளின் பெயரை இரவல் வாங்குகிறார்கள். தமிழில் வலம்புரி, இடம்புரி என்று சங்குக்கு வழங்கும் சொற்கள் ஆயத்தமாக உள்ளன. புரி என்பது முறுக்கு. கயிற்றின் ஓர் இழையும் புரியே, மூன்று இழை சேர்ந்தது முப்புரி. ஒரே முகடு சுற்றி ஏறும் திருகு ஒற்றைப்புரி, இரு முகடுகள் இணையாக ஏறுவது இரட்டைப்புரி என்று சொன்னால் எந்தத் தச்சருக்கும் விளக்கம் தேவைப்படாது. கலை வரலாற்றை எழுதும் தமிழர்கள் இச்சொற்களை விட்டுவிட்டு ஆங்கிலச் சொற்களை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது வியப்பிற்குரியது.

கடைதல் என்னும் சொல்லும் இவ்விடத்தில் கவனத்திற்குரியது. தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே வினை. கன்னடத்திலும் கடெ என்னும் வினை கடைதலையே குறிக்கும். இது வெறும் உவமையன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுழல்கிறது. இந்தியாவின் பழைய கடைசல் பொறியும் அப்படியே இயங்கியது: மரத்தில் கயிற்றையோ வாரையோ சுற்றி ஒருவர் இழுக்க, அல்லது வில்லை ஒரு கையால் முன்னும் பின்னும் நகர்த்த, கடைசற்காரர் தரையில் அமர்ந்து, சில வேளைகளில் கால்விரலாலும் உளியைத் தாங்கிக்கொண்டு, மரம் தம்மை நோக்கிச் சுழலும் பாதியில் மட்டும் வெட்டினார். ஐரோப்பிய மொழிகளில் கடைசலுக்கான சொற்கள் சுற்றுதலிலிருந்து பிறந்தவை. தமிழ்ச் சொல்லோ முன்னும் பின்னும் இழுபடும் கயிற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. எந்த அகழாய்வும் மரப்பொறியைத் தோண்டி எடுத்துத் தர வாய்ப்பில்லாத நிலத்தில், இந்த ஒரு வினைச்சொல் ஒரு பொறியின் வரைபடமாக நிற்கிறது.

ஒரே திசையில் ஓயாது சுழலும் பொறி இருந்தால், உளியை இயந்திர வழிகாட்டியோடு பிணைத்துத் திருகை ஓரளவு பொறியிலேயே வெட்டலாம். 1701இல் பிரான்சில் வெளிவந்த சார்ல் ப்ளூமியேவின் கடைசற்கலை நூல் அத்தகைய நுட்ப அமைப்புகளுக்குப் பெயர்பெற்றது. முன்னும் பின்னும் சுழலும் இந்தியப் பொறியில் அதற்கு வழியில்லை. ஆகவே சோழமண்டலக் கரையின் திருகுகள் கடைந்தவை என்று பட்டியல்களில் எழுதப்பட்டாலும், அவற்றின் உருளை மட்டுமே கடைந்தது; திருகு செதுக்கியது என்று கொள்வதே பொருந்தும். பட்டியலில் ஒரு வினைச்சொல் மாறும்போது எத்தனை நாள் உழைப்பு மறைகிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

திருகு வடிவம் இங்கே பிறந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். உரோமில் பழைய புனித பேதுரு கோயிலில் திருகுத் தூண்கள் இருந்தன. சாலமோன் மன்னரின் எருசலேம் ஆலயத்துத் தூண்கள் அவை என்றொரு நம்பிக்கை வழங்கியது. 1633இல் முடிவுற்ற பெர்னினியின் வெண்கல மண்டபம் அவ்வடிவத்தை ஐரோப்பா முழுவதற்கும் மோகமாக்கியது. போர்த்துகீசியத் தச்சு வேலையிலும் டச்சுத் தச்சு வேலையிலும் அது ஊன்றியது. போர்த்துகீசியர் நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரிலும் இருந்தனர். டச்சுக்காரர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1639இல் சென்னைக்கு வந்தனர். நாற்காலியில் அமர்வோர் வந்தபின்தான் நாற்காலிக்குத் தேவை வந்தது. அதன் தடம் சொற்களில் இன்றும் இருக்கிறது: மேசையும் அலமாரியும் சன்னலும் போர்த்துகீசியம், ஈழத்தமிழின் கதிரையும் போர்த்துகீசியமே, அங்கே மேசையின் இழுப்பறைக்கு வழங்கும் லாச்சி டச்சு. நாற்காலி மட்டும் தன் கால்களை எண்ணித் தமிழ்ப் பெயர் பெற்றுக்கொண்டது.

வடிவம் வந்தேறி என்பதால் வேலை வந்தேறி ஆகிவிடாது. அந்தத் திருகுகளுக்கிடையே உள்ள பலகைகளைப் பார்ப்போர்க்கு, கோயில் தேரிலும் கதவு நிலையிலும் கொடி ஓட்டிப் பழகிய கை தெரியும். அம்போனில் வாழ்ந்து 1702இல் மறைந்த இயற்கையியலாளர் ரும்பியுஸ், அவர் இறந்து பல்லாண்டு கழித்து அச்சேறிய தாவர நூலில், சோழமண்டலக் கரையோர் கருங்காலியில் நாற்காலியும் விசிப்பலகையும் சிறுமேசையும் செய்வதைப் பதிவு செய்துள்ளார். அக்கரையில் பஞ்சமும் போரும் மிகுந்த காலம் அது. டச்சுக் கப்பல்களில் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவிற்கும் ஏற்றப்பட்டோர் பலர். அவ்விரு இடங்களிலும் இதே பாணிச் சாமான்கள் பின்னர் தோன்றுகின்றன. உளியோடு போனவர்கள் விரும்பிப் போனார்களா, விற்கப்பட்டுப் போனார்களா என்னும் வினாவை அந்தத் திருகுகளைப் பார்க்கும்போது ஒதுக்கிவிட முடியாது. சோழமண்டலக் கரை என்னும்போது தெலுங்குக் கடற்கரையும் அதில் அடங்கும். எனவே எல்லாவற்றையும் தமிழரின் கைவேலை என்று உரிமை கொண்டாடுவதும் முறையாகாது.

இனி இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹொரேஸ் வால்போல் என்னும் எழுத்தாளர் ஸ்ட்ராபெரி ஹில்லில் தம் மாளிகையைப் பழைய கோதிக் பாணியில் எழுப்பிக்கொண்டிருந்தார். எஷர் மாளிகையில் கரிய திருகு நாற்காலிகளைக் கண்டார். 1530இல் மறைந்த கர்தினால் வுல்சி ஒருகாலத்தில் அம்மாளிகையில் தங்கியவர். நாற்காலி அங்கே இருந்தது, வுல்சியும் அங்கே இருந்தார்; ஆகவே நாற்காலி வுல்சியுடையது என்று வால்போல் முடிவு செய்தார். 1763இல் ஓர் ஏலத்தில் அத்தகைய நாற்காலிகளையும் மேசைகளையும் தாமே வாங்கித் தம் வீட்டில் வைத்தார். அவருடைய வீடு புகழ்பெற்றது. அவருடைய கருத்தும் புகழ்பெற்றது. ஃபான்ட்ஹில்லின் செல்வர் வில்லியம் பெக்ஃபோர்டு அவ்வகைச் சாமான்களைச் சேர்த்தார். வார்விக்‌ஷயரின் சார்ல்கோட்டில் உள்ள கருங்காலிச் சாமான்கள் எலிசபெத் அரசியார் லெஸ்டர் பிரபுவிற்கு அளித்த பரிசு என்று ஒரு கதை வழங்கியது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் டியூடர் பாணி என்று பல தச்சர்கள் நகலெடுத்தது இந்தியக் கரையின் வேலையைத்தான்.

வால்போலை நகைத்து ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் பிழையில் ஒரு தருக்கம் இருக்கிறது. அவர் அறிந்த இந்தியக் கைவினை என்பது துணியும் மிளகும் சார்ந்தது. இத்தகைய நாற்காலி அங்கிருந்து வர முடியும் என்பது அவர் எண்ணத்தின் எல்லைக்குள் வரவில்லை. கரிய நிறமும் முரட்டு உருவங்களும் தொன்மையின் அடையாளமாகப் பட்டன. ஒரு கீழைநாட்டுத் தச்சரின் வேலையை, தம் நாட்டின் இருநூறு ஆண்டுப் பழமை என்று கொண்டாட அவருக்கு இயன்றது. அதைச் செய்த நாட்டைச் சொல்ல இயலவில்லை. 2001இல் வெளியான அமின் ஜாஃபரின் நூல் உள்ளிட்ட பிற்கால ஆய்வுகள் மரத்தையும் வேலைப்பாட்டையும் வணிகப் பதிவுகளையும் ஒப்பிட்டு இவற்றின் ஊரைத் தெளிவாக நிலைநாட்டின.

இதற்குள் கோரமண்டல் என்னும் பெயர் வேறு பொருள்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஏலக்கூடங்களில் கோரமண்டல் தட்டி என்று விற்கப்படுபவை சீனாவின் அரக்குத் தட்டிகள். இக்கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் அப்பெயர் பெற்றன. இங்கே செய்யாதவற்றுக்கு இக்கரையின் பெயர். இங்கே செய்தவற்றுக்கு வுல்சியின் பெயர்.

மரத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. கருங்காலி என்றால் கரிய காலை, அதாவது கரிய அடிமரத்தை உடையது. தாவரவியலார் டயோஸ்பைரோஸ் எபெனம் என்பதைக் கருங்காலி என்பர். சித்த மருத்துவத்திலோ அதே பெயர் கருவேல இனத்தைச் சார்ந்த வேறொரு மரத்திற்கும் வழங்குகிறது. அண்மைக்காலத்தில் கருங்காலி மாலை வாங்கிக் கழுத்தில் அணிவோர் எந்தக் கருங்காலியை அணிகின்றனர் என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

தமிழ்த் தொழிற்சங்க வழக்கில் இச்சொல்லுக்கு வேறு பொருள். வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகிறவன் கருங்காலி. கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் இச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 1930இல் சுரங்கத் தொழிலாளரின் கைரேகைகளைப் பதிவு செய்யும் ஆணையை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து நின்றனர். மைசூர் அரசு இறங்கிவர நேர்ந்தது. தம்மைக் குற்றவாளிகளாக எண்ணி விரலைக் கேட்கிறார்கள் என்பதே அவர்களின் சினம்.

இந்தப் பொருளுக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுவதற்குத் துணைபோகும் மரம் என்பது ஒன்று. ஆங்கிலத்தில் வேலைநிறுத்தம் உடைப்பவனுக்கு வழங்கும் ‘பிளாக்லெக்’ என்னும் சொல்லை அப்படியே பெயர்த்தது என்பது மற்றொன்று. இரண்டாவதே வலுவுடையதாகத் தோன்றுகிறது. கரிய கால் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முனைந்தவருக்கு, அதே உறுப்புகளால் ஆன ஒரு மரப்பெயர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கோடரிக் காம்பின் கதை அச்சொல்லை நாட்டார் மனத்தில் ஊன்றச் செய்திருக்கலாம். உலக்கையாகித் தலைமுறைகளுக்கு நெல் குத்திக் கொடுத்த மரத்திற்கு இப்பழி நேர்ந்தது மொழியின் விளையாட்டு.

தங்கவயலின் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அங்கிருந்து மேற்கே, பெங்களூருக்கு அப்பால் உள்ள சென்னப்பட்டணத்தில் கடைசற்காரர்கள் இன்றும் பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் சூட்டிலேயே அரக்குச் சாயம் ஏற்றுகின்றனர். தமிழகத்தில் அம்பாசமுத்திரத்தின் சொப்புச் சாமான்களும் அப்படியே. இரண்டு ஊர்களிலும் விளைவது வளையங்களும் குமிழ்களும்தான், திருகு இல்லை. கயிறு இழுப்போர் இருந்த இடத்திற்கு மின்மோட்டார் வந்துவிட்டது. மரம் இப்போது ஒரே திசையில் சுழல்கிறது. அதற்கும் கடைதல் என்றே பெயர்.